அண்ணாவின் ஓம்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் அண்ணா தேவன் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு, சீனன்குடாவில் அப்பா வேலை செய்த வளாகத்தின் வாசலுக்குப் போனார்.

2. அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. அது அண்ணாவுக்குத் தெரியும். ஆனாலும் மதியமானால் கரியர் வாசலுக்குப் போகவேண்டும். அது அவருக்கு வேறு விஷயம்.

3. வாசலில் பழைய காவலாளி இல்லை. புதிய ஆட்கள் நின்றார்கள். ஒரு லொறிக்காகக் கதவைத் திறந்தபோது அண்ணா லொறியின் பின்னால் உள்ளே நடந்துவிட்டார்.

4. எண்ணெய் டாங்கிகளுக்கு நடுவே, முன்பு அப்பாவின் ஆட்கள் இருந்து சாப்பிடும் கொட்டிலடியில், கரியரை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தவரைப் பிடித்தார்கள்.

5. ஒருவர் சிங்களத்தில் கேள்வி கேட்டார். ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். ஒருவர் எழுதினார். எல்லாக் கேள்விக்கும் அண்ணா ஓம் என்றார்; ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்.

6. எழுதியதை வாசித்துக் காட்டி, இதெல்லாம் சரியா என்று கேட்டார்கள். அதற்கும் ஓம் என்றார். பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள்.

7. இங்கிலாந்தில் எனக்குத் தந்தி வந்தது. தேவனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இதற்குப் பின் நடந்தவற்றையும் இப்படி இலக்கமிட்டு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

அ

நான் திருகோணமலையில் வளர்ந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்து, கலியாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவள். இங்கே ஓர் உள்ளூராட்சி அலுவலகத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. சென்ற வருடம் இன்னொரு பொறுப்பையும் தந்தார்கள். எங்கள் நகரத்துக்கு வெளியே ஒரு மேட்டில் பெரிய விடுதி ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் வீட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அங்கேயே தலை நரைத்துப் போயிருக்கிறார்கள். விடுதியை மூடப்போகிறார்கள். மூடுவதற்கு முன் அவர்களுடைய வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, பதிந்து, ஒரு புத்தகமாகப் போடவேண்டும். பதிவாளர்கள் நான்கு பேர், கருவிகள் இரண்டு, பொறுப்பு நான்.

அவர்களுக்கு அலுவலகக் கடதாசிகளில் ஒரு பெயர் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றுகிறார்கள். எங்கள் ஊரில் 'சுகமில்லாத பிள்ளை' என்போம். நான் கண்டவரையில் அவர்கள் எதையும் விளங்கிக்கொள்ளக் கூடுதல் நேரம் எடுப்பவர்கள், அவ்வளவுதான். எனக்கும் இப்படி ஓர் அண்ணா இருக்கிறார் என்று நேர்முகத்தில் சொன்னேன். என் சான்றிதழைவிட அதுதான் இந்தப் பொறுப்பை வாங்கித் தந்தது என்று நினைக்கிறேன்.

முதல் மாதம் பதிந்த நாடாக்கள் எல்லாம் வீண். கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டு போயிருந்தோம். டொரீன் என்று ஐம்பது வயதுப் பெண். இங்கே சந்தோஷமாக இருந்தீர்களா என்று கேட்டால் யெஸ். கவலையாக இருந்தீர்களா என்றாலும் யெஸ். அம்மா பார்க்க வருவாரா? யெஸ். விடுதி அவரைப் பற்றி வைத்திருந்த கோவையைப் புரட்டினால், பார்க்க ஒருவரும் வந்ததாக ஒரு வரி இல்லை. டொரீன் பொய் சொல்கிறார் என்றார் பதிவாளர் ஒருவர். எனக்கு அது பொய்யாகப் படவில்லை. அந்த யெஸ்ஸை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு ஓம் என்று பெயர்.

வேலைமுறையை மாற்றினோம். கேள்வித்தாளை எடுத்துவிட்டேன். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய எதையும் கேட்பதில்லை. ஒரு பொருளைக் கையில் கொடுப்போம். துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டி, பெரிய இரும்புச் சாவி, சலவைக் கூடை. கொடுத்துவிட்டுச் சும்மா இருப்போம். நாடா ஓடிக்கொண்டிருக்கும். டொரீன் சவர்க்காரத்தை மணந்துவிட்டு, ஒரு பக்க நாடா முடியப்போகும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "குளிருக்குக் கை வெடிக்கும்" என்றார். விடுதியின் சலவை அறையிலேயே அவருடைய வயது போனது என்பது அங்கிருந்துதான் தெரியவந்தது.

ஒருவர் கேட்காமலே சொல்வது அவருடைய கதை. கேட்டபின் அவர் சொல்லும் ஆம், கேட்டவருடையது. பதிவாளர்களுக்கு இதை எழுதிக் கொடுத்தேன். அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஆ

அண்ணாவுக்கு என்னைவிட ஆறு வயது கூட. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. விளங்கியதா என்று வாத்தியார் கேட்கும்போது இல்லை என்று சொன்ன பிள்ளைக்கு அடி விழும். ஓம் என்று சொன்ன பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். அண்ணா பள்ளிக்கூடத்தில் கற்றது அது ஒன்றுதான். அதை நன்றாகக் கற்றுக்கொண்டார். ஓம் என்றால் கேட்டவர் போய்விடுவார்.

இதை நான் மேலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் நானும் எல்லாவற்றுக்கும் யெஸ் சொன்னவள்தான். இவர்களுடைய ஆங்கிலம் எங்கள் கல்லூரியில் படித்த ஆங்கிலம் அல்ல. கதவைத் தட்டிய ஒரு பெண்மணிக்கு மூன்றுதரம் யெஸ் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர்களுடைய தேவாலயத்தில் பூ அலங்காரக் குழுவில் நான் இருந்தேன். பிரசவ அறையில் என்ன கேட்டார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. யெஸ் என்றேன், ஊசி போட்டார்கள். ஆனால் எனக்கு ஒரு வருடத்தில் நோ சொல்ல வந்துவிட்டது.

அப்பா அந்த வளாகத்தில் குழாய் பொருத்தும் பிற்றர். பதினொரு மணிக்கு அம்மா கரியரைக் கட்டுவார். அடித்தட்டில் சோறு, நடுவில் மீன் குழம்பு, மேலே சொதியும் சம்பலும். அண்ணா அதைத் தண்டவாளக் கரையால் வாசலுக்குக் கொண்டுபோவார். வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் காவலாளி அவரை உள்ளே விடுவார். கொட்டிலடியில் அப்பாவும் மஜீத் நானாவும் சாப்பிடுவார்கள். அண்ணா கூட இருந்து சாப்பிட்டு, கரியரைக் கழுவி, அடுக்கிக்கொண்டு வருவார்.

மஜீத் நானா வெள்ளைமணல் ஊர் முஸ்லிம்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணா. அப்பாவின் குழுவில் இளையவர். இருமல்காரர், பகிடிக்காரர். அவர் கொண்டுவரும் சாப்பாடும் எங்கள் கரியருக்குள் கலந்துவிடும்.

அண்ணா கரியரைத் திருப்பி அடுக்கும் முறை ஒன்று உண்டு. சோற்றுத் தட்டு மற்ற இரண்டையும்விட ஆழம். அதை அவர் எப்போதும் மேலே வைப்பார். சோறுதானே முதலில் போடுவது, ஆகவே அது மேலே இருக்கவேண்டும். கரியர் தலை பெருத்து, கைபிடியில் ஆடிக்கொண்டு வரும். அம்மா எத்தனையோ தரம் மாற்றிக் காட்டியிருக்கிறார். அண்ணா ஓம் என்பார். அடுத்த நாளும் சோற்றுத் தட்டு மேலேதான் வரும். அவர் ஓம் என்று சொல்லிவிட்டு விட்டுக்கொடுக்காத விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அப்பாவின் காரியங்கள் முடிந்த மறுநாள் மதியம் அண்ணா குசினி வாசலில் வந்து நின்றாராம். அம்மா அழுதுகொண்டே வெறும் கரியரை எடுத்துக் கொடுத்தார். தூக்கிப் பார்த்தார். பாரம் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். அம்மா உலை வைத்தார். அன்றிலிருந்து மஜீத் நானாவும் காவலாளியும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். பிறகு நானா வேலையை விட்டு வெள்ளைமணலில் சைக்கிள் கடை போட்டார். காவலாளி தனியாகச் சாப்பிட்டார். பிறகு அவரையும் மாற்றிவிட்டார்கள். இதை அண்ணாவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஓம் என்றிருப்பார்.

இ

திருகோணமலை நகரத்தில் கந்தோர் வைத்து வழக்காடும் ஒரு சட்டத்தரணியை அம்மா பிடித்தார். அண்ணாவின் வாக்குமூலத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை அவர் எனக்கு அனுப்பினார். அதிலிருந்து:

"நான் டாங்கிகளைப் பார்ப்பதற்காக வந்தேன். என்னை ஓர் ஆள் அனுப்பினார். மூன்று பகுதிகளைக் கொண்ட உலோகப் பாத்திரத்தை உள்ளே வைக்கும்படி அவர் சொன்னார். நான் இதற்கு முன்பும் பலமுறை வந்திருக்கிறேன்."

என் அண்ணா வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

பல தடவை வாசித்தேன். கடைசி வாக்கியம் உண்மை. ஆனால் எதிலும் அண்ணா பேசிய சொல் ஒன்றுகூட இல்லை. அவர் சொன்னது ஓம் மட்டும். கேட்டவருடைய கேள்விகளை எடுத்து, கேள்விக்குறியை நீக்கி, முன்னால் 'நான்' என்று போட்டிருக்கிறார்கள். கேள்விகள் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

சட்டத்தரணி கேட்டது ஒரே விஷயம். இவருக்கு விளங்காது என்பதற்கு ஏதாவது சான்று வேண்டும். வைத்தியரின் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, பள்ளிக்கூடக் கடிதம், எதுவானாலும். எங்களிடம் ஒன்றும் இல்லை. ஊர் முழுவதற்கும் தெரிந்த ஒரு விஷயத்துக்கு யார் சான்றிதழ் எடுத்து வைப்பார்கள்? டொரீனுக்குக் கோவை இருக்கிறது. ஏழு வயதிலிருந்து அவருக்கு என்ன விளங்கும், என்ன விளங்காது என்று தடித்த இரண்டு கட்டுகள். அவருக்கு வீடு இருக்கவில்லை. அண்ணாவுக்கு வீடு இருந்தது, கோவை இல்லை. இப்போது போய்ப் பரிசோதிக்க வைத்தியரையும் உள்ளே விடுகிறார்கள் இல்லை.

இங்கே நான் போன இடங்கள் பல. ஓர் அலுவலகத்தில், தடுத்து வைக்கப்பட்டவர் பிரித்தானியப் பிரசையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நாற்காலியைக் காட்டியவர் அதற்குப் பிறகு எழுந்துவிட்டார். இன்னொரு இடத்தில் ஒரு படிவம். உறவுமுறை என்ற இடத்தில் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் என்று நான்கு கட்டங்கள். சகோதரருக்குக் கட்டம் இல்லையே என்றேன். அப்படியானால் இது உங்களுக்கான படிவம் அல்ல என்றாள் படிவம் தந்த பெண்பிள்ளை. மிக மரியாதையாகத்தான் சொன்னாள்.

அதே வாரம் என் மேலதிகாரி கூப்பிட்டார். புத்தகத்தின் முதல் வரைவு அவருடைய மேசையில் இருந்தது. நல்ல மனிதர். கதைகள் அருமையாக இருக்கின்றன என்றார். பதிவாளர்கள் இடையில் பேசியதையெல்லாம் எடுத்துவிட்டு, டொரீனே தொடர்ந்து சொல்வதுபோலப் போட்டால் வாசிக்க ஒழுங்காக இருக்கும் என்றார். என் கைப்பைக்குள் அண்ணாவின் வாக்குமூலம் இருந்தது. கேள்விகளை எடுக்க முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு அந்த நேரம் ஆங்கிலம் வரவில்லை. எவ்வளவோ வருடம் இருந்தும், வேண்டிய நேரத்தில் வராத மொழி. யோசித்து எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, கழிவறைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

ஈ

அங்கே நிற்கும்போதுதான் ஊரிலிருந்து வந்த ஓர் ஒலிநாடாக் கசெற் ஞாபகம் வந்தது.

கடிதத்துக்குப் பதிலாகக் கசெற் அனுப்புவது இப்போது எங்கள் ஆட்களிடையே வழக்கமாகிவிட்டது. நான் முதன்முதல் ஊருக்கு வாங்கி அனுப்பிய பொருள் ஒரு ரேப் ரெக்கோடர், ஒலிப்பதிவுக் கருவி. அம்மாவுக்கு எழுதுவது கஷ்டம். கருவியை மேசையில் வைத்து, வீட்டில் உள்ளவர்களும் வந்தவர்களும் ஒரு பக்கம் பேசி அனுப்புவார்கள். அப்பா இறந்த வருடம் வந்த ஒன்றில், மஜீத் நானா அண்ணாவைப் பகிடி பண்ணிக்கொண்டிருக்கிறார். அப்போது கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஊரில் அண்ணாவைக் காணும் எவரும் பண்ணும் பகிடிதான் அது. எவ்வளவு பெரிய விஷயத்துக்கும் அவர் ஓம் என்பார், கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

அலுமாரியிலிருந்து எடுத்துப் போட்டேன்.

"தேவன், லண்டனுக்குத் தங்கச்சியிட்ட நீந்தியே போயிருவியா?"

"ஓம்."

"வழியில சுறா வந்தா?"

"ஓம்."

"சுறாக்கும் ஓமா? சரி. துறைமுகத்தில கிடக்கிற பெரிய கப்பல் ஆர்ட, உன்டயா?"

"ஓம்."

"அப்ப நாளைக்கு என்ட பொஞ்சாதி புள்ளையளை ஏத்திட்டு ஒரு சுத்துச் சுத்துவமா?"

"ஓம்."

"விடுங்கோ மஜீத், அவன் பாவம்" என்று அம்மாவின் குரல் குசினிப் பக்கமிருந்து வருகிறது. அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்.

என் மகளுக்கு ஐந்து வயது. பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு முழுவதும் பிடிபடாது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதற்காக நான் கவலைப்பட்ட நாட்கள் உண்டு. நாடாவை நிறுத்தி, நானாவின் கேள்வியை அவளுக்கும் சொன்னேன். நீ கடலில் நீந்திப் போவாயா? "நோ" என்றாள். பெரிய கப்பல் உன்னுடையதா? "நோ, அம்மா." இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான் ஏதோ மடைத்தனமாகக் கேட்டதுபோல. அன்றைக்கு எனக்கு அது போதும் என்று இருந்தது.

அண்ணா எதற்கும் ஓம் சொல்வார் என்பதற்கு இதைவிடச் சான்று இருக்கமுடியாது. நாடாவை மறுபடி ஓடவிட்டு, எழுந்து சட்டத்தரணிக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுத்தேன். நாடா ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் சீனன்குடாப் புகையிரதம் வரும் சத்தம். நானா அந்தச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்துகிறார்.

"ஓவர்டைமையும் வெட்டிட்டாங்கடா தேவன். நீயும் நானும் போய் அந்த டாங்கியெல்லாத்தையும் கொளுத்திப் போடுவமா?"

"ஓம்."

நானா சிரித்து, இருமுகிறார். புகையிரதம் போய்க்கொண்டேயிருக்கிறது. அது தேய்ந்த பிறகு, ஒருவரும் ஒன்றும் கேட்காமல், அண்ணா சொல்கிறார்:

"சோறு ஆறுது. வாசலுக்குப் போகோணும்."

உ

எங்கள் வேலையில் நாங்கள் மணிக்கணக்காகக் காத்திருப்பது இப்படி ஒரு வாக்கியத்துக்குத்தான். ஏன் போனார், எதற்குப் போனார், பாத்திரத்தில் என்ன இருந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் டாங்கியும் இருக்கிறது.

நாடாவை வெட்டி ஒட்டுவது எனக்குக் கைவந்த வேலை. அலுவலகக் கருவியில் அகன்ற நாடாவுக்குப் பிரதி எடுத்தேன். நானாவின் கேள்வியையும் அந்த ஓமையும் பின்னால் வந்த சிரிப்பையும் இருமலையும் சவர அலகால் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு நுனியையும் ஒட்டினேன். போட்டுப் பார்த்தால் புகையிரதம் ஓரிடத்தில் துள்ளியது. சற்று முன்னாலிருந்து கொஞ்சம் புகையிரதச் சத்தத்தை எடுத்து அந்த இடத்தில் போட்டேன். துள்ளல் போய்விட்டது. என் காதைத் தவிர வேறெந்தக் காதுக்கும் தெரியாது. அதை ஒரு புதுக் கசெற்றில் பதிந்து, இரண்டு கசெற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்தேன்.

எங்கள் திட்டத்தில் ஒரு விதி. ஒருவருடைய நாடாவில் எதையாவது நீக்குவதென்றால், அவருக்கே போட்டுக் காட்டி, அவருடைய விருப்பப்படி செய்யவேண்டும். அண்ணாவிடம் வெட்டவா என்று கேட்டால் ஓம் என்பார். வெட்டாமல் விடவா என்றாலும் ஓம்.

ஆனால் அந்த நாடாவில் இரண்டு பேருடைய குரல் இருந்தது. மற்றவரிடம் கேட்கலாம். வெள்ளைமணலில் தொலைபேசி இல்லை. நகரத்தில் தெரிந்த ஒரு கடைக்கு அழைப்பு எடுத்து, மறுநாள் இந்த நேரம் நானாவை வரச்சொல்லி, மறுநாள் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் அதைக் கேட்டது எனக்கு நினைவிரிக்கி, தங்கச்சி" என்றார். "தெளிவா இரிக்கா?"

"தெளிவா இருக்கு நானா."

"இருமலும் இரிக்கா?"

"அதுவும் இருக்கு."

"அப்ப வேற சாட்சி தேவையில்ல. அந்த இருமலுக்கு என்ட பொஞ்சாதியே என்னைக் காட்டிக் குடுத்திருவா."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெட்டிய பிரதி ஒன்று தயாராக இருக்கிறது, அதில் உங்கள் குரல் கப்பலோடு முடிந்துவிடும் என்றேன். வெட்டாததை அனுப்பினால் என்ன நடக்கக்கூடும் என்றும் சொன்னேன். அண்ணாவை ஓர் ஆள் அனுப்பினார் என்று வாக்குமூலத்தில் இருக்கிறது. அந்த ஆள் யார் என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். டாங்கியைக் கொளுத்துவமா என்று கேட்கும் குரல் ஒன்று கையில் கிடைத்தால் தேடவேண்டியதில்லை. நானா ஒருநாள் தவணை கேட்டார். வீட்டில் கதைக்கவேண்டும்.

அன்று முழுவதும் நான் என் பக்கத்தைச் சரிபார்த்தேன். வெட்டினால் நானாவுக்கு நல்லது. அண்ணாவுக்கு? அந்த வாக்குமூலத்தில் இல்லாதது கேள்விகள். அவர்கள் கேள்வியை எடுத்துவிட்டு ஓமை வைத்தார்கள். நானும் எனக்கு ஒத்துவராத கேள்வியை எடுத்துவிட்டு மீதி ஓமைக் காட்டப்போகிறேன். வெட்டியது என்றைக்காவது தெரியவந்தால், கப்பலும் சுறாவும் சோறும் சேர்ந்து பொய்யாகிவிடும். கப்பல் தன்னுடையது என்று சொன்ன அதே ஓம்தான் டாங்கிக்கும் என்பது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் விளங்கும். எனக்கு விளங்குகிறது. கேட்கப்போகிறவர்களுக்கு விளங்குமா என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் சோற்றைக் கேட்காமல் டாங்கியோடு கருவியை நிறுத்திவிடவும் கூடும்.

மறுநாள் நானா பேசும்போது பகிடி இல்லை. மனைவி ஒரேயடியாக வேண்டாம் என்கிறாளாம். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். அதோடு நிறுத்தினார். உங்களுக்குப் பயமாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அந்த மாதிரிக் கேள்வி கேட்கும் பழக்கம் என்னிடமிருந்து போய்விட்டது. காத்திருந்தேன்.

"பயமாத்தான் இரிக்கி, தங்கச்சி" என்றார் கடைசியில். "ஆனா அந்தக் கரியர்ல நானும் சாப்பிட்ட ஆள். வெட்டாத. அப்படியே அனுப்பு. நான் நாளைக்கே சட்டத்தரணியிட்டப் போய், இது என்ட குரல், பகிடிக்குக் கேட்டது எண்டு எழுதிக் குடுக்கிறன். அவங்களாக் கண்டுபிடிக்க முந்தி நானாச் சொல்லோணும்."

அன்று பின்னேரம் வெட்டிய பிரதியை அழித்தேன். மூலக் கசெற்றைப் பதிவுத் தபாலில் போட்டேன். கூடவே ஒரு தாள். இடப்பக்கம் கேள்விகள், வலப்பக்கம் பதில்கள். டாங்கிக் கேள்வியையும் கோடிட்டுக் காட்டினேன். கடைசி வரியில் இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு, வலப்பக்கம் எழுதினேன்: சோறு ஆறுது, வாசலுக்குப் போகோணும்.

அதே தாளின் மாதிரியை என் மேலதிகாரிக்கும் கொடுத்தேன், டொரீனின் பகுதியை அப்படிக் கேள்வியும் பதிலுமாகத் தட்டச்சு செய்து. ஏன் என்பதற்கு என்னிடம் இருந்த பதில் அதுதான்.

ஊ

இன்றைக்கு நிலைமை இது.

கசெற் சட்டத்தரணிக்குக் கிடைத்தது; அவர் உரிய இடத்தில் கொடுத்துவிட்டார். மொழிபெயர்த்த பிறகுதான் கேட்பார்களாம். மொழிபெயர்ப்பாளர் இன்னும் நியமிக்கப்படவில்லை.

மஜீத் நானா எழுதிக் கொடுத்தார். இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு முறையும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்கள்.

டொரீனின் புத்தகம் அச்சுக்குப் போகவில்லை. மேலதிகாரி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தண்டவாளக் கரையால் கரியரோடு போகும் அண்ணாவைக் கண்டவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். கண்டேன் என்று கையெழுத்து வைக்க இதுவரை இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள்.

அண்ணாவைப் பார்க்க யாரையும் விடுவதில்லை. சாப்பாடு மட்டும் வாங்குகிறார்கள். அம்மா மதியம் கரியரைக் கட்டிக்கொண்டு, அவரை வைத்திருக்கும் இடத்துக்கு பஸ்ஸில் போகிறார். வாசலில் வாங்கி உள்ளே கொண்டுபோவார்கள், பின்னேரம் வெறும் கரியர் திரும்பி வரும். இவ்வளவு நாளும் அது சோற்றுத் தட்டு மேலே இருக்கத்தான் வந்தது. அடுக்கியது அண்ணாதான் என்று அம்மா அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அழாமல் வருவாராம்.

போன திங்கட்கிழமையிலிருந்து, சோற்றுத் தட்டு அடியில் இருக்க, சரியாக அடுக்கி வருகிறது.